மாதா பீடத்துச் சீசா

செண்பகம் வந்து நின்றபோது பியாட்ரிஸ் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவள். ஜோகுபாளையத்தில் யாருக்குக் குழப்பம் வந்தாலும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவளுடைய வழக்கமான ஆட்டோக்காரர் தாஸ், கதை கேட்கும் ஆசையில் வண்டியை அணைத்தார்.

"நேத்து டோரதியம்மா டீயில நான் விஷம் வெச்சேன்றாங்க மேடம். அவங்க மகன் ஷெர்வின் சாயங்காலம் போலீசுக்குப் போறாராம். ஆறு வருஷமா தங்கவயல்லருந்து தினம் ரயிலேறி வந்து அந்தம்மாவப் பாத்துக்கறேன்."

"என்ன விஷமாம்?"

"நிகோட்டின்னு டாக்டர் சொன்னாராம். என் பையில வெத்தலைக்குப் புகையிலை இருந்துச்சு, அதான். அம்மா பொழச்சிட்டாங்க, ஆஸ்பத்திரில இருக்காங்க."

"புகையிலையை ஊறவெச்சு..." என்று ஆரம்பித்த தாஸ், பியாட்ரிஸ் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"நேத்து உனக்கு உடம்பு எப்படியிருந்தது?"

"தலை சுத்தி வாந்தி, மேடம். வெறும் வயித்துல ரயிலேறினதாலன்னு நெனச்சேன்."

"அந்த டீயைக் குடிச்சியா?"

"ஐயோ, சக்கரையில்லாத டீ யாருக்கு வேணும்? குடுத்துட்டு, எப்பவும்போல வேளாங்கண்ணி எண்ணெய அவங்க ரெண்டு முட்டியிலயும் தேய்ச்சேன். பழைய சீசா தீந்துபோச்சு. மாதா பீடத்துக்குப் பின்னால இருந்தத எடுத்துப் பாதி காலி பண்ணேன். நேத்து மத்தியானத்துலருந்து ஷெர்வின் தம்பி என்னை உள்ள விடல."

மூவரும் டோரதி வீட்டுக்குப் போனார்கள். ஷெர்வின் முகத்தைச் சுளித்துக்கொண்டே வழிவிட்டான். பியாட்ரிஸ் பீடத்துச் சீசாவை வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்துவரை எண்ணெய். பிறகு கொல்லைப்பக்கக் கொடியில் செண்பகம் நேற்றுக் கை துடைத்துப் போட்ட துண்டைக் காட்டினாள்.

"தாஸ், என்ன தெரியுது?"

"எறும்பு மொய்க்குது. மாம்பழ வாசனை. ஆனா எண்ணெய்ப் பிசுக்கே இல்லையே மேடம்."

"அப்போ நேத்துத் தேய்ச்சது எண்ணெயில்ல. வாயால ஊதறாங்களே, ஈ-சிகரெட், அதுல ஊத்தற நிகோட்டின் நீர். கலக்காத சரக்கு தோல் வழியாவே உள்ள போயிடும். டீயைத் தொடாதவளுக்கும் வாந்தி வந்தது. ரெண்டு பேர் மேலயும் பட்டது இது ஒண்ணுதான்."

"பீடத்துல எப்படி வந்துச்சு?" என்றார் தாஸ்.

"தடை பண்ண சரக்கு. இந்த வீட்டுல யாரும் துழாவாத இடம் மாதா பீடம்."

ஷெர்வின் தரையைப் பார்த்தான். "காலி எண்ணெய் சீசாவுல ஊத்தி ஒளிச்சேன் ஆன்ட்டி. எடுத்துத் தேய்ப்பாங்கன்னு நெனக்கல."

"அதை நம்பறேன். அது விபத்து. ஆனா பாதி காலியான சீசா எப்படி ரொம்பினது? நேத்துலருந்து இந்த வீட்டுல நீ மட்டும்தான். டாக்டர் சொன்னதுமே உனக்குப் புரிஞ்சிடுச்சு. சீசாவைக் கழுவி நெஜ எண்ணெய ஊத்தினே. அப்புறமும் இவ பேரைச் சொன்னே. அது விபத்தில்லப்பா."

பியாட்ரிஸ் வாசல் பக்கம் திரும்பினாள்.

"போலீசுக்குப் போறதுக்கு முன்னால உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. தாஸ், வண்டியெடுங்க."

ஆட்டோவில் ஏறப்போனவனைச் செண்பகம் தடுத்தாள். நேற்று அவன் அடைத்த கதவைத் தாண்டி உள்ளே போய்ச் சோப்போடு வந்தாள்.

"கைய நல்லா கழுவு தம்பி. அம்மாவத் தொடப் போற."