ஒற்றை முத்திரை

டெலிபோன் ஒயர் அவர் கையில் இருந்தது. சுவரிலிருந்து பிடுங்கி ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் ஆகியிருந்தது. வெளியுலகத்தோடு பேசும் மோடம் தன் பச்சை விளக்கை அணைத்துவிட்டுச் சமர்த்தாகப் படுத்திருந்தது. அப்போதுதான் திரையின் மூலையில் மணி அடித்து, மகளிடமிருந்து மெயில் வந்தது.

‘அப்பா, நான் நல்லா இருக்கேன். இங்க ஒரே பனி. முட்டி வலி எப்படி இருக்கு? எண்ணெய் தேய்க்கச் சோம்பல் படாதீங்க. அம்மாவோட சண்டை போடாதீங்க, ஜெயிக்க மாட்டீங்க.’

படித்துவிட்டுச் சிரித்தார். தினமும் மதியம் இந்த மெயில் வரும், தினமும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே குனிந்தபோது கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். சிரிப்பு போகவில்லை. முகத்தில் அப்படியே நின்றது, இறங்க வழி தெரியாதது போல.

பம்பு உதிரி பாகங்கள் விற்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவரை போஸ்ட்மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. உலகத்தின் எந்த மூலையில் கம்பெனியின் மெயில் செத்தாலும் சவம் அவர் வாசலுக்குத்தான் வரும்; இன்ன காரணத்தால் செத்தது என்று கண்டுபிடித்து, எழுப்பி உட்காரவைத்து, மறுபடியும் வழியனுப்புவார். அன்று விடுமுறை. ஆளில்லாத நேரம் பார்த்து, புது மெயில் எதுவும் நுழையாதபடி லைனைப் பிடுங்கிவிட்டு, பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

சர்வர் அறை தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. ஏசியின் குளிருக்குப் பனிக்கரடி வந்தால்கூட போர்வை கேட்கும். பீரோ உயரத்துக்கு நின்ற பழைய சர்வர் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும். அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டால் ஆகாய விமானமே வெட்கப்பட்டுத் தரையிறங்கிவிடும். சுட்ட தூசியும் பழைய ரப்பரும் கலந்த அதன் வாசனை அவருக்கு நடுநடுவே இருமலைத் தரும், ஆனாலும் பிடிக்கும். மனைவிக்குப் பிடிக்காது. சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் சக்களத்தி வாசனை என்பாள்.

மகளுடையது வரிசையில் சிக்கிக் கிடந்த பழைய மெயிலாக இருக்கும் என்று நினைத்தார். அது நடப்பதுதான். காலையில் உள்ளே வந்து, எங்கோ தூங்கி, இப்போது கண்விழித்திருக்கும். இருந்தாலும் பழக்க தோஷம் விடவில்லை. மெயிலின் தலைப்பகுதியைத் திறந்தார். மெயில் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் அங்கே ஒரு முத்திரை குத்தி அனுப்பும். சாதாரண ஜனங்கள் கண்ணில் அது படவே படாது. மருமகன் வேலை பார்க்கும், மலைக்கு அப்பால் இருக்கும் சுரங்க முகாமிலிருந்து அவர் மகள் அனுப்பும் மெயில், நாலைந்து முத்திரை வாங்காமல் இங்கே வந்து சேரவே முடியாது.

இதில் ஒரே ஒரு முத்திரை இருந்தது. இந்த அறையின் முத்திரை.

நேற்றைய மெயிலைத் திறந்தார். ஒரு முத்திரை. அதற்கு முந்தினதிலும் ஒன்று. பின்னால் போகப் போக விரல் வேகம் பிடித்தது. கல்யாணமான புதிதில் மகள் எழுதியவற்றில் முத்திரைகள் ஊர் சுற்றியவன் பாஸ்போர்ட் மாதிரி நெருக்கியடித்துக் கிடந்தன. அப்புறம் போன மழைக்காலம். சுரங்கத்துப் பக்கம் மலை சரிந்துவிட்டதாகச் செய்தி வந்த வாரம். அங்கே போன் கிடையாது, முகாம் ரேடியோ வழியாக மெயில் மட்டும்தான். போஸ்ட்மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்கூட மென்று விழுங்க வேண்டியிருந்தது. ஒருநாள் மதியம் சம்பந்தி இந்தப் படியில்தான் தடதடவென்று இறங்கி வந்தார். “வந்துடுச்சு சம்பந்தி, நம்ம பொண்ணு மெயில் வந்துடுச்சு” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் குழந்தைகள் மாதிரி அழுதார்கள்.

அந்த மெயிலைத் திறந்தார்.

ஒரு முத்திரை.

விசிறிச் சத்தம் திடீரென்று தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது.

சம்பந்தி வெளியாள் இல்லை. இதே கம்பெனியில், இதே அறையில், பக்கத்து நாற்காலி. மெயில் சர்வர் என்றால் என்னவென்று அவருக்கு அ, ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் போஸ்ட்மாஸ்டர். சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தார்கள். ஒருவர் தன் பாதியை அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அப்படி நின்று நின்று அந்தச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் போஸ்ட்மாஸ்டருக்கு உறவுக்காரன் மாதிரி ஆகிவிட்டது. மகளை அவர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, பொண்ணையே கொடுத்தாச்சு, இதென்ன பெரிய விஷயம் என்று தன் பாதியையும் சொல்லிவிட்டார். சம்பந்தி நெகிழ்ந்துபோனார். தன் பாதியை மட்டும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாகவா இருக்கும்.

இன்று அந்தப் பாதிக்காகத்தான் காத்திருந்தார். சம்பந்தி எப்போதோ வந்திருக்க வேண்டும்.

ஒயரைச் சுவரில் திரும்பச் சொருகி, மறுமுனையை மோடத்திலிருந்து மேஜை டெலிபோனுக்கு மாற்றி, சம்பந்தி வீட்டுக்கு அடித்தார்.

“என்ன சம்பந்தி, நீங்க வேலைய முடிச்சீங்களா, வேலை உங்கள முடிச்சுதா?”

“பாதியில நிக்குது. ஒண்ணு கேக்கணும். நம்ம பொண்ணு மெயில் எந்த வழியா உள்ள வருது?”

“எல்லா மெயிலும் வர்ற வழியாத்தான். அதுக்குன்னு தனியா பல்லக்கா வெச்சிருக்கோம்?”

“லைனப் பிடுங்கி வெச்சிருந்தேன். அதுக்கப்புறம் வந்துச்சு.”

அந்தப் பக்கம் டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“பழசு ஏதாவது சிக்கியிருக்கும். நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானே.”

“முத்திரை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, சம்பந்தி.”

“நோண்டாதீங்க.” குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. தூங்குகிற குழந்தையைத் தொடாதே என்று சொல்கிற மாதிரி இருந்தது. “நான் வர்ற வரைக்கும் அங்கேயே இருங்க. வழியில தங்கச்சிய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“அவள எதுக்கு இப்போ?”

வைத்துவிட்டார்.

சம்பந்தி எதற்காகத் தன் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வியர்த்தது. பனிக்கரடி நடுங்கும் அறையில் வியர்த்தது.

பழைய சர்வருக்கு ஒரு பலவீனம் உண்டு. தொலைவிலிருந்து வருபவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கும். எதிரே உட்கார்ந்து, அணைத்துப் போட்டு, பழுதுபார்க்கும் நிலையில் எழுப்பினால் எதுவுமே கேட்காமல் எல்லா அறைகளையும் திறந்துவிடும். பாதி பாஸ்வேர்டு, முழு பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். அவர் அதை ஒருநாளும் செய்ததில்லை. சம்பந்தி இல்லாத சமயம் அப்படி நுழைவது அடுத்தவர் பெட்டியைக் குடைகிற மாதிரி.

அணைத்தார். விசிறி நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த அறையின் அமைதியை அவர் கேட்டதே இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயில் எங்கோ தண்ணீர் இறங்கியது. மேலே, ஆளில்லாத மாடியில், ஏதோ நாற்காலி நகர்ந்தது போல இருந்தது. நகரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சர்வரை எழுப்பினார். முனகிக்கொண்டே எழுந்தது, எதுவும் கேட்கவில்லை.

சம்பந்தியின் ஃபோல்டருக்குள் போனார். அங்கே ‘மருமகள்’ என்று ஒன்று இருந்தது.

உள்ளே ஒரு புரோகிராம். படிக்க ஆரம்பித்ததும் அவருக்கு வந்த முதல் உணர்ச்சி, சொல்லவே கூடாது, பெருமை. அத்தனை அழகாக எழுதியிருந்தார் மனுஷர். எங்கே இடம் விட வேண்டும், எந்த வரிக்குக் குறிப்பு எழுத வேண்டும் என்று இவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நேற்று இரவு இவர் மகளுக்கு எழுதிய மெயிலை அது எடுக்கும். அதிலிருந்து சொற்களைப் பொறுக்கும். மகளின் பழைய மெயில்களிலிருந்து பொருத்தமான வாக்கியங்களை உருவி ஒட்டும். மறுநாள் மதியம் வாசலில் வைக்கும். முட்டி வலி என்று இவர் எழுதினால், முட்டி வலி எப்படி இருக்கு என்று கேட்கும். அம்மா திட்டினாள் என்றால், சண்டை போடாதீங்க என்று சொல்லும்.

இத்தனை மாதமும் அவர் எச்சிலையே தட்டில் வைத்து அவருக்குப் பரிமாறியிருக்கிறார்கள். அவரும் ஏப்பம் விட்டிருக்கிறார்.

அப்படியென்றால் மகள்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மனசுக்குள்கூட முடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு எழுந்து, அறையை ஒரு சுற்று சுற்றி வந்து, மறுபடியும் உட்கார்ந்தார். வாக்கியம் அங்கேயே காத்திருந்தது.

சம்பந்தி நல்லெண்ணத்தில் செய்திருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. இவர் தாங்க மாட்டார் என்று. கட்டிப்பிடித்து அழுதது அதற்காகத்தானோ. அப்படியே நினைத்துக்கொண்டு ஃபோல்டரை மூடியிருக்கலாம். மூடும்போது பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது.

‘போஸ்ட்மாஸ்டர்.’

அதே புரோகிராம். அதே குறிப்புகள். பெறுநர் இடத்தில் அவர் மனைவியின் முகவரி. மகளுக்கு எழுத வசதியாக, வீட்டில் அவரே போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர்.

முதல் மெயில் இன்று மதியம், லைனைப் பிடுங்குமுன்பே போய்விட்டிருந்தது. ‘வேலை இழுக்குது. சாப்பிட்டுத் தூங்கு. எனக்காக முழிச்சிருக்காதே.’ அடுத்தது நாளைக்கு. அடுத்தது நாளை மறுநாளைக்கு. கீழே இறக்கினார். இறங்கிக்கொண்டே இருந்தது. முட்டி வலியைப் பற்றி ஒன்று. பாகற்காயைப் பற்றி ஒன்று. அடுத்த வருஷத்துக்கு. அதற்கடுத்த வருஷத்துக்கு. எல்லாம் அவர் பேசுகிற மாதிரியே. அவர் போடும் அசட்டு ஜோக்குகளோடு. அதில் இரண்டு ஜோக் அவருடையதைவிட நன்றாக இருந்தது.

ஒவ்வொன்றின் முடிவிலும் ‘வாத்தம்மா’ என்றிருந்தது.

கை நின்றது.

அது அவர் மனைவிக்கு வைத்த பெயர். வாத்து மாதிரி அசைந்து நடக்கிற அவள் நடைக்காக. கதவு சாத்திய பிறகு மட்டும் கூப்பிடுவது. மகளுக்குத் தெரியாது. மெயிலில் எழுதியதே இல்லை. எந்தப் புரோகிராமும் எங்கிருந்தும் உருவ முடியாது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பெயர். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சொல்லவில்லை.

டெலிபோனை எடுத்தார். எண் மறந்துவிட்டது. சொந்த வீட்டு எண். விரல்தான் ஞாபகம் வைத்திருந்தது, அதுவே அடித்தது.

மணி ஒன்று. இரண்டு.

“ஹலோ” என்றாள்.

“நான்தான்.” ரிசீவரை வாயோடு நெருக்கினார். “வாத்தம்மா, நான் பேசறேன். சம்பந்தி அங்க வந்தாரா? என்ன சொன்னார் உங்கிட்ட? நீ என்ன சொன்னே அவர்கிட்ட?”

அவள் மூச்சு கேட்டது. ரிசீவரை வாயிலிருந்து நகர்த்துகிற சத்தம். பிறகு அவள் குரல், வேறு பக்கம் திரும்பி, அறையில் இருக்கும் இன்னொருவரிடம்.

“அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மிஷின் கூப்பிடுது. அப்படியே அவர் குரல்.”

“சொன்னேன்ல தங்கச்சி” என்றார் சம்பந்தி.

“ஏய்.” கத்தியதாகத்தான் நினைத்தார். காற்றுதான் வந்தது. “இது நான்டி. அவர நம்பாதே. நம்ம பொண்ணு எங்கே? உயிரோட இருக்காளா? அத மட்டும் சொல்லு.”

“அண்ணே, பொண்ணக் கேக்குது.” அழுதிருந்த குரல்.

“கேக்கும். முதல்ல அதைத்தான் கேக்கும்னு எழுதியிருக்கேன்.”

“பதில் சொல்லலாமா? பாவமா இருக்கு.”

“வேணாம்மா. பதில் சொன்னா பழகிக்கும்.”

அவர் வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்டது. அவர் வீட்டு நாற்காலியில் யாரோ சாய்ந்து உட்கார, அது முனகியது.

“எல்லாம் சரியா இருக்கு. அவருக்கு நடுநடுவுல ஒரு இருமல் வருமே, அது மட்டும் இல்ல.”

“அது இன்னும் சரியா வரல தங்கச்சி. ரெண்டு நாள்ல சேத்துடறேன். வெச்சிரு.”

வைத்துவிட்டாள்.

ரிசீவர் காதிலேயே இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வருஷங்கள் வரிசையாக நின்றன. தொண்டைக்குள், ஆழத்தில், ஏதோ கரகரத்தது. ஏறியது. போஸ்ட்மாஸ்டர் இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. மூச்சு முட்டியது. பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார், திறந்தால் என்ன சத்தம் வரும் என்று தெரியாமல்.