துலக்கறைக்குப் போகாதவள்

மாசுமானி அலறியது. ஜெசிந்தா நிற்கவில்லை. அலறட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

பளிங்கம் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அந்தக் கருவி அலறி யாரும் கேட்டதில்லை. வாசலில் நின்று காற்றை முகர்ந்து, உள்ளே வருகிறவர் மேல் வியர்வையோ எண்ணெயோ கிருமியோ மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அப்படி மிச்சம் வைத்திருக்கிற ஆள் தூத்துக்குடியில் யார் இருக்கிறார்கள்? காலையில் எழுந்ததும் ஊரே துலக்கறைக்குள் போய் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் மெல்லிய நீராவி ஒன்று உடம்பைச் சுற்றும், அதன்மேல் ஊதா வெளிச்சம் விழும், அவ்வளவுதான். வெளியே வரும்போது தோலில் பரு இருக்காது, படை இருக்காது, உப்புக்காற்றின் பிசுபிசுப்பு இருக்காது. அறுபது வயதுக்காரரின் கன்னத்தில் தெருவிளக்கு தெரியும். கல்யாணப் பத்திரிகையில் வயதைப் போடுவதையே விட்டுவிட்டார்கள், போட்டாலும் யாரும் நம்புவதில்லை.

வரவேற்பில் இருந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கா அடிக்குது? மிஷின் கெட்டுப்போச்சோ?"

"மிஷினு நல்லாத்தான் இருக்கு. நான்தான் துலக்கல."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அதிர்ச்சியிலும் நியாயம் இருந்தது. ஜெசிந்தா அந்த நிறுவனத்தின் தோல் ஆய்வாளர். துலக்கறைக்குள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள். அவள் நெற்றியில் இப்போது மூன்று பருக்கள் சிவந்திருந்தன. கழுத்தில் வேர்க்குரு. மூக்கு எண்ணெய் வழிந்து மினுங்கியது.

நிர்வாக இயக்குநர் மீனலோசனி அவளைக் கண்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்ன ஜெசிந்தா இது? பிரசவ லீவுல போனவங்க இப்படியா திரும்பி வருவீங்க?"

"பிள்ளை இப்ப எங்கிட்டயே பால் குடிக்கா மேடம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மீனலோசனிக்குப் புரியவில்லை. அவர் மேல் தப்பில்லை, அந்த ஊரில் பிள்ளைகள் தாயிடம் பால் குடிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தெரியவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பிறந்து கண் திறக்காத சிசுவின் மேல் பழியைப் போட்டுவிட்டு, தெருவுக்குத் தெரு உறிஞ்சல் பயிற்சி மையம் திறந்துவிட்டார்கள். அங்கே ரப்பர் காம்பை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர், "எங்கே, உறிஞ்சு பார்ப்போம்" என்று குழந்தைகளிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். அவை அவரை வெறித்துப் பார்க்கும். பிறகு வழக்கம்போலக் கரண்டியில் மாவுப்பால்.

ஜெசிந்தாவின் மகள் செரினுக்கு மாவுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கினாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாரில் வைத்தாலோ முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏதோ சுவரில் கொண்டுபோய் வைத்ததுபோல அந்தப் பக்கம் பார்ப்பாள். போகப் போக அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. தன் பிள்ளை தன் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு போவதை ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெள்ளம் வந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் தாழ்வான தெரு அவளுடையது. மின்சாரம் போய், துலக்கறை நின்று, நாலைந்து நாள் மாடியிலேயே கிடந்தார்கள். மழைநீரைப் பிடித்து, சோப்பைப் போட்டு, பழைய காலத்து மனுஷியைப்போலக் குளித்தாள். ஒரு மத்தியானம், வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தவளின் கழுத்தில் செரின் முகத்தைப் புதைத்தாள். முகர்ந்தாள். தலையை அங்கும் இங்கும் ஆட்டித் தேடினாள். தானாகவே மாருக்கு இறங்கிக் குடித்தாள். ஜெசிந்தா சத்தம் போட்டு அழுதுவிட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் துலக்கறைக்குள் போனாள். பழக்கதோஷம். அன்று சாயந்தரமே பிள்ளை மறுபடி சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதற்குமேல் ஒரு தோல் ஆய்வாளருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

"தோல்மேல குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் மேடம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாசனையக் குடுக்குது. நாம அதுங்களை வேரோட வழிச்செடுக்கோம். பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியாது, மூக்குதான் தெரியும். அதோட மூக்குக்கு இந்த ஊர்ல அம்மாவே கிடையாது."

"அப்போ அழுக்கா இருக்கச் சொல்றீங்களா?"

"நான் தினமும் குளிக்கேன். சோப்புப் போடுதேன். மூஞ்சி கழுவாமப் படுக்க மாட்டேன். அழுக்கைக் கழுவுங்க, வேண்டாங்கல. ஆளையே கழுவிட்டமே, அதைத்தான் சொல்லுதேன்."

மீனலோசனி கெட்டவர் அல்ல. ஆனால் துலக்கறை விற்றுத்தான் அந்தக் கட்டடம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விதி உங்களுக்கே தெரியும். மாசுமானியில தேறாத தாய்கிட்ட கைக்குழந்தை இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள துலக்கிட்டு வந்திருங்க. இல்லைன்னா நான் மேலே சொல்லித்தான் ஆகணும். பிள்ளையைத் தூய்மனைக் காப்பகத்துக்குக் கொண்டு போயிடுவாங்க."

"உங்க பேத்தி பால் குடிக்காளா மேடம்?"

மீனலோசனி சட்டென்று மேசையைப் பார்த்தார். "பயிற்சி மையத்துக்குப் போயிட்டிருக்கா."

"சொல்லிக்கோங்க மேடம். நான் துலக்க மாட்டேன்."

வீட்டில் அவள் கணவன் லெம்பர்ட் கதவு கைப்பிடி மாதிரி பளபளத்துக்கொண்டு காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பளபளப்பு மங்கிவிட்டது. "பிள்ளையப் புடுங்கிட்டுப் போயிருவானுவ, ஜெசி. ஊரோட ஒத்துப்போனா என்ன? கரண்டியிலயே குடுத்துப் பாப்போமே."

"குடுத்துத்தான் பாத்தோமே. எலும்பை எண்ணிட்டுக் கெடந்தது மறந்து போச்சா ஒங்களுக்கு?"

லெம்பர்ட் மறக்கவில்லை. மடியில் கிடந்த மகளைப் பார்த்தான். கன்னத்தில் இப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. "அப்ப என்ன செய்யப் போற?"

"ஒளிஞ்சு செய்யப் போறதில்ல. எல்லாரும் பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பளிங்கத்தின் ஆண்டு விழா. அதில் முக்கியமான நிகழ்ச்சி பளிங்குக் குழந்தைப் போட்டி. ஊரிலேயே மினுமினுப்பான பிள்ளைக்குப் பரிசு. கல்யாண மண்டபம்போல இருந்த பெரிய கூடத்தில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துடைத்து வைத்த கண்ணாடிக் கிண்ணங்களாக மடி மடிக்குப் பிள்ளைகள். எல்லாம் அழுதுகொண்டிருந்தன. கரண்டியும் கையுமாக ஆயாக்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டைக் கூட்டிவைத்து அழுகையை அமுக்கப் பார்த்தார்கள்.

மாசுமானி அலறியபோது பாட்டு நின்றது.

ஜெசிந்தா நடுவழியே நடந்து வந்தாள். பின்னால் லெம்பர்ட் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனும் இரண்டு நாளாகத் துலக்கவில்லை, பெண்டாட்டிக்குத் துணையாக நாற வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். இரண்டு பக்கமும் ஜனங்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு விலகினார்கள். காவலர் ஒருவர் ஓடி வந்தார். வந்தவருக்கு அவளை எங்கே தொடுவது என்று தெரியவில்லை. தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளுமே! கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

மேடையில் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் ஜெசிந்தா உட்கார்ந்தாள். துண்டை மறைத்துப் போட்டுக்கொண்டு செரினை மாரில் சேர்த்தாள்.

கூடம் அமைதியானது, அழுத பிள்ளைகள்கூட அடங்கின. பிள்ளை குடிக்கிற சத்தம் மேடை ஒலிவாங்கியில் கேட்டது. மடக்கு மடக்காக, பசித்த உயிர் ஒன்று அவசரமும் ஆனந்தமுமாகக் குடிக்கிற சத்தம். அந்த ஊரில் பாதிப்பேர் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் தன் மார்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தேம்ப ஆரம்பித்தாள். அவள் தாரகை, மீனலோசனியின் மகள்.

"எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போக யாருக்காவது தைரியம் இருந்தா வாங்க," என்றாள் ஜெசிந்தா. "குடிச்சு முடிச்சப்புறம் பேசிக்கலாம்."

யாரும் வரவில்லை.

அவள் ஜெயித்துவிட்டாள். அப்படித்தான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விதியைத் தளர்த்தினார்கள், செரினைப் பற்றிய பேச்சே பிறகு எழவில்லை. உறிஞ்சல் பயிற்சி மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பயிற்சியாளர்கள் பாவம், வேறு வேலை தேடிப் போனார்கள்.

ஆனால் தாய்மார்கள் துலக்கறையை விட்டார்களா என்றால், இல்லை. விட்டுப் பார்த்தவர்கள் மூன்றாம் நாளே கண்ணாடியைப் பார்த்து அலறிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நெற்றியில் எண்ணெய், மோவாயில் ஒரு கட்டி! பிள்ளையும் குடிக்க வேண்டும், கன்னமும் மினுங்க வேண்டும். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று அவர்கள் பளிங்கத்தின் வாசலில்தான் போய் நின்றார்கள்.

பளிங்கம் வழி கண்டுபிடித்தது. சின்னக் குப்பி ஒன்று, பெயர் தாய்மணம். துலக்கி முடித்துக் கழுத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டால் போதும், பிள்ளை ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளவும் செய்தது. ஊரெங்கும் பிள்ளைகள் குடித்தன, கொழுத்தன. தாய்மார்களின் முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தாவுக்குத்தான் அது கடைவீதியில் வைத்துத் தெரியவந்தது. மீன் வாங்க நின்றவளின் பக்கத்தில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த பிள்ளை இரண்டு கையையும் நீட்டி இவள்மேல் பாய்ந்தது. அதன் தாய் இழுத்துப் பிடிக்க, வீறிட்டுக் கத்தியது. எதிர்க்கடையில் இன்னொரு பிள்ளை திரும்பியது. தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிள்ளையெல்லாம் அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது.

மாசுமானி முகர்ந்ததை மறக்காது. ஊரில் எத்தனையோ தாய்மார் இருந்தார்கள், மணம் என்று ஒன்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அதைக் காற்றிலிருந்து பிடித்து வைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் குப்பியில் அடைத்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது ஒரே அம்மா. மற்றவர்கள் கழுத்தில் சொட்டு வாடும்வரைதான் அம்மா.

அடுத்த வாரம் மீனலோசனியே அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே தாரகையும் அவள் கைக்குழந்தையும்.

"பெரிய பிரச்சினை ஆயிடுச்சு ஜெசிந்தா," என்றார் மீனலோசனி. நெற்றி வியர்க்கவில்லை, வியர்க்கிற நெற்றி அவருக்கு இல்லை. "நீங்க தெருவில போனா பிள்ளைங்க தாயை விட்டுட்டு உங்க மேல பாயுது. ஒரே புகார். இனிமே நீங்க வெளியே வர்றதா இருந்தா துலக்கிட்டுத்தான் வரணும்னு உத்தரவு போட்டிருக்காங்க."

ஜெசிந்தா சிரித்தாள். கோபம் தலைக்கேறினால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். "எங்கிட்ட இருந்து திருடுனத ஊருக்கெல்லாம் பூசிவிட்டுட்டு, அது எங்கிட்ட இருக்கக் கூடாதுங்கீங்களா? நான் வெளிய வருவேன். இப்படியேதான் வருவேன். கடைக்கும் போவேன், கோயிலுக்கும் போவேன், ஒங்க ஆபீஸ் வாசல்லயும் வந்து நிப்பேன். போய்ச் சொல்லுங்க மேடம்."

மீனலோசனி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தாரகையின் குழந்தை துள்ளியது. தாயின் கழுத்தைத் தள்ளி, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஜெசிந்தாவை நோக்கித் தாவியது. விழுந்துவிடப் போகிறதே என்று ஜெசிந்தா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதுதான் தாமதம், அழுகை நின்றது. பிள்ளை அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது, கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. வெற்றுக் கையோடு தாரகை நின்றாள். மீனலோசனி உத்தரவை மறந்து பேத்தியைப் பார்த்தார்.

"அக்கா," என்றாள் தாரகை. குரல் உடைந்திருந்தது. "அவ எங்கிட்ட இப்படித் தூங்கணும்னா நான் என்ன செய்யணும்?"

ஜெசிந்தாவின் கோபம் அந்தக் குரலில் கரைந்துபோனது. மெதுவாகத்தான் சொன்னாள். "பெரிசா ஒண்ணுமில்லம்மா. குப்பியத் தூக்கிப் போடு. இனிமே துலக்கறைக்குப் போகாத. தண்ணியில குளி, மூஞ்சியக் கழுவு, அது போதும். நாலஞ்சு நாள்ல ஒன் வாசனை ஒனக்குத் திரும்பி வரும். பிள்ளை கண்டுபிடிச்சிரும்."

தாரகை குழந்தையைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து இறங்கிய நீர் கன்னத்தில் எங்கும் தங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தக் கன்னத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"போகவே கூடாதா?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பரு வருமாக்கா?"

"வரும்," என்றாள் ஜெசிந்தா.

தாரகை மறுபடியும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். தன் பிள்ளை இன்னொருத்தி தோளில் தூங்குவதைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள்.