மடிப்பால்

வெள்ளியங்கிரி காலையில் சமையலறைக் குழாயைத் திருகினான். பால் வந்தது, இளஞ்சூடாக, நுரையோடு. கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த எஃகு உலைகளில் நுண்ணுயிர்கள் ஓயாமல் சர்க்கரையைத் தின்று பாலாக்கிக்கொண்டிருந்தன. அதற்கு உலைப்பால் என்று பெயர். ஈரோட்டைச் சுற்றியிருந்த எல்லா அடுக்ககங்களிலும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பால் குழாய் ஒன்று உண்டு. முன்னோர்கள் மாட்டின் காம்பிலிருந்து பீய்ச்சிக் குடித்தார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரிப்பார்கள். அது மடிப்பால். அதைக் குடிப்பது இரண்டு தலைமுறையாகக் குற்றம்.

குற்றத்தைப் பிடிக்க மோப்பி இருந்தது. மணிக்கட்டில் கட்டும் சிறு வில்லை. விலங்கின் பால் துளி ஆவியாகக் காற்றில் கலந்திருந்தாலும் சிவந்து கூவும். அரசாங்க ஆய்வாளர்களுக்கென்று செய்த கருவிதான் அது. இந்த வாரம்தான் வெள்ளியங்கிரி சேர்ந்திருந்த மடிகாப்பு அணி என்ற தன்னார்வலர் கூட்டத்துக்கும் ஆளுக்கொன்று கிடைத்திருந்தது. அணிச் சட்டையின் நெஞ்சில் ஒரு பசுவின் படம் இருக்கும். வெள்ளியங்கிரி பசுவை நேரில் பார்த்ததில்லை. அணியில் யாருமே பார்த்ததில்லை. மலையடிவாரச் சரணாலயத்தில், வேலிக்கு அப்பால், அவை நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

தரைத்தளத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவந்தான் அவன். எடைத்தண்டு ஒன்றின் பிடி தேய்ந்துபோயிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து புதிதாகச் சுற்றியிருந்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மணிக்கட்டு சுருக்கென்றது. மோப்பி சிவந்திருந்தது. எதிர்வீட்டுக் கதவை நெருங்க நெருங்க அது கூவத் தொடங்கியது.

எதிர்வீட்டுக்காரன் நாச்சிமுத்து, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவன். சென்ற மாதம்தான் அவன் மனைவி கோகிலவாணிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. "கோழிக்குஞ்சாட்டம் இருக்கானுங்ணா" என்று சிரித்தபடி இனிப்பு கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. பிள்ளையைப் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை.

வெள்ளியங்கிரி கொஞ்சம் தயங்கினான். பிறகு அணிக்குச் செய்தி அனுப்பினான்.

அவன் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்கள். மாடிப்படி நிறையத் தலைகள். முன்னால் அணித்தலைவி தமயந்தி, பள்ளித் தலைமையாசிரியை. நாச்சிமுத்து கதவைத் திறந்ததும் கூடத்து மேசைமேல் ஒரு சிறிய கண்ணாடிப்புட்டி தெரிந்தது. அத்தனை மணிக்கட்டுகளும் ஒன்றாகக் கூவின.

"யார் பால் இது?" என்று தமயந்தி கேட்டார்.

நாச்சிமுத்து உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "அவ பாலுங்க மேடம். பையனுக்கு உலைப்பால் சேரலைங்க. குடிச்சதெல்லாம் கக்கிர்றான்."

"அவளா? எங்க வெச்சிருக்க அவளை?"

"உள்ரூம்லதானுங்க. இப்ப உள்ள போக வேண்டாங்க. ரொம்பக் கூச்சப்படுவா."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்தக் காலத்துப் பால்காரர்கள் பசுவுக்குப் பெண்பிள்ளைப் பெயர் வைத்து, 'அவள், அவள்' என்று கொஞ்சிக் கொஞ்சியே கறந்தார்கள் என்று தமயந்தி எத்தனையோ மேடைகளில் பேசியிருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கறக்கற?"

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. "அதெல்லாம் கேக்காதீங்க மேடம்."

"அடைச்சு வெச்சுக் கறக்கறான்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாடு அந்த ரூமுக்குள்ள கொள்ளுமா?" என்று இன்னொருவன் கேட்டான். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

மாடு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு விளங்கியது. "மாடு இல்லைங்க" என்று வாயைத் திறந்தான். அந்த வாயின்மேல் முதல் குத்து விழுந்தது.

அதன் பிறகு அவனைப் பேசவிடவில்லை. நாற்காலியால் முதுகில் அடித்தார்கள். விழுந்தவனின் விலாவில் மிதித்தார்கள். சிலர் சமையலறைக்குள் புகுந்து பால் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். உலைப்பால் கூடத்துக்குள் பெருகி, செருப்புச் சேற்றோடும் ரத்தத்தோடும் கலந்தது. நாச்சிமுத்து அதில் தவழ்ந்துபோய் உள்ளறைக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கைகளை விரித்தான்.

"தள்ளுடா," என்றான் வெள்ளியங்கிரி.

"வேண்டாங்ணா. அவ..."

தண்டு முதலில் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த அதிர்வு புதுப் பிடியின் வழியே உள்ளங்கைக்கு வந்தது. இரண்டாவது அடி தலையில். வெள்ளியங்கிரிக்கு அந்த நேரத்தில் கோபம்கூட இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கதவை உடைத்தார்கள். மூலையில் சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. பிள்ளை அவள் மார்பில் வாய்வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மோப்பிகள் கூவிக்கொண்டே இருந்தன. அப்படியொரு காட்சியை அவர்கள் யாரும் கண்டதில்லை. பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களும் மறுநாளே பாலை வற்றச்செய்யும் வற்றல் ஊசி போட்டுக்கொள்வது வழக்கம். பெற்றவள் பால் கொடுக்கக் கூடாதென்று சட்டம் எதுவும் கிடையாது. கொடுப்பாள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மோப்பியைச் செய்தவர்களும் நினைக்கவில்லை.

கோகிலவாணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நாச்சிமுத்துவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தொண்டையில் மூச்சு கரகரத்தது. "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்ணா," என்று வெள்ளியங்கிரியைப் பார்த்துச் சொன்னாள். அவன் அசையவில்லை.

கூட்டத்தில் வயதான ஒருவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போற உசுரும்மா. வாயில ரெண்டு சொட்டுப் பால் ஊத்திரு."

அந்த வழக்கம் மட்டும் மாறியிருக்கவில்லை. குழாய்ப்பால் தரையில் கிடந்தது. கோகிலவாணி மேசையை எட்டிப் புட்டியை எடுத்தாள். உடைந்த பற்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நாச்சிமுத்து விழுங்கினான். இன்னொரு வாய் விழுங்கினான். பிறகு பால் கடைவாயில் வழிந்தது.

ஒவ்வொருவராகப் படியிறங்கத் தொடங்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நில்லுங்க," என்றார் தமயந்தி. அவர் குரல் நடுங்கி, பிறகு மெல்ல நிதானத்துக்கு வந்தது. "எல்லாரும் பார்த்தீங்கல்ல? அவன் குடிச்சான்."

இறங்கிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சட்டத்துல மாட்டுப்பால்னு இல்ல. விலங்கின் பால்னுதான் இருக்கு. மனுஷனும் விலங்குதான். பச்சைப்பிள்ளை குடிச்சா வேற. வளர்ந்த ஆம்பளை குடிச்சிருக்கான். நம்ம கண்ணு முன்னால."

படியில் நின்றவர்களின் முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தன. ஒருவன் நெடுமூச்சு விட்டான்.

நாச்சிமுத்துவின் சாவு குறித்து வழக்கு நடந்தது. அதுவரை வெள்ளியங்கிரி சரியாகத் தூங்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கூண்டில் ஏறினான். இறந்தவர் விலங்கின் பாலைக் குடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று வக்கீல் கேட்டார். "பார்த்தனுங்க," என்றான். அது உண்மை. அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றான். இறங்கலாம் என்றார்கள். இறங்கிவிட்டான்.

கோகிலவாணி கதவுக்கு உள்ளே இருந்தவள், அதனால் அடித்தது யார் என்று அவளால் சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. நாச்சிமுத்து குடித்ததற்கு, அன்று வந்திருந்த அத்தனை பேரும் சாட்சி. அவனைக் கொன்றதற்கு ஒருவரும் இல்லை.