அக்கா கால் எடுக்கும் வளைவு

மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு நாலு மணிக்கு, அந்தக் கறுப்பு வண்டி உறுமிக்கொண்டே மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தது. உறுமல்தான் பெரிது... நகர்ந்ததென்னவோ நடை வேகம். குனிந்து ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தவள் துள்ளி விலகினாள்.

“கண்ணு தெரியலையா சார்? கால்ல ஏத்தியிருப்பீங்க!”

“கண்ணெல்லாம் நல்லாத் தெரியும்ங்க. மூக்குக்கண்ணாடிக் கடையே வெச்சிருக்கேன்,” என்றபடி அவன் இறங்கினான். “வண்டிதான் சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது.”

நிமிர்ந்து பார்த்தாள். திறந்த ஜன்னலில் தெறித்த மழைத்துளி ஒட்டிய இமைகள்... பல நாள் தூங்காத கண்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைப் பிரித்து மேய அவளை விட்டால் ஆளில்லை என்பதால், தெருவே அவளைக் கியரம்மா என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட கியரம்மா வண்டியை விட்டுவிட்டு அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள்; ஸ்டியரிங்கில் அவள், பக்கத்தில் அவன். உள்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் மிதிக்கும் மிதிக்கு வண்டி போகவில்லை. அவள் நினைப்பதற்கு முன்பே, மெத்தென்று அடுத்த கியருக்கு மாறியது. தன் காலுக்கடியில் வேறு யாருடைய காலோ இருப்பதாகத் தோன்றியது.

ஏரிக்கு மேலே, மேட்டில் ஏறும் வளைவு. திடீரென்று எஞ்சின் அலறியது... வண்டியோ உயிர் போனதுபோல் தயங்கியது. உள்கண்ணாடி தானாகவே மெல்ல... மெல்லத் தாழ்ந்தது. அவளைவிடக் குள்ளமான யாருக்கோ வைத்த உயரத்தில் போய் நின்றது.

“வந்துட்டா...” என்றான் அவன்.

“யா... யாரு?”

“எங்க அக்கா. இது அவ வண்டி. ஏரியப் பார்க்க இங்கதான் ஆக்ஸிலரேட்டர்லருந்து கால எடுப்பா. காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்ல... எட்டு மாசமாச்சு. வாரத்துக்கு ஒரு தடவ இந்த வளைவு வரைக்கும் வருவேன். அவளும் வருவா.”

அவள் கண்ணாடியைத் தொடாமலே வண்டியைத் திருப்பினாள்.

ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு குழாயின் மூட்டில் கசிவு. கியர் ஆயில் பாதிதான் இருந்தது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது.

“மேட்டு வளைவுல இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமா ஒதுங்கிடுது. பம்பு வெறும் காத்த உறிஞ்சுது, கிளட்ச் பிளேட்டு பிடிக்காம வழுக்குது. பிளேட்டெல்லாம் தேஞ்சு போச்சு, மாத்தணும்.”

“அப்போ மெத்துனு கியர் மாறுதே, அது?”

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “அது... ஓட்டுறவங்க கால் பழக்கத்த இந்த வண்டியோட கம்ப்யூட்டர் ஞாபகம் வெச்சுக்கும். நீங்க வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்ச தூரம்தான் ஓட்டுறீங்க, அதான் இன்னும் அவங்க பழக்கமே உள்ள இருக்கு. புது பிளேட்டு போட்டா அத அழிச்சிடணும்.”

“அழிக்கணுமா?” அவன் முகம் வெளுத்தது. “எங்க அக்காவயா?”

“இல்லேன்னா புதுசும் கருகிப் போகும். ஒரு நாள் மேட்டுல பின்னாடி உருளும். பின்னால வர்ற லாரிக்காரனுக்கு உங்க அக்காவத் தெரியாது சார்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பிளேட்ட மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க,” என்று சொல்லிவிட்டு அவன் மழையில் இறங்கி நடந்தான்.

மூன்று நாள் ஆயிற்று. பிளேட்டு மாற்றி, ஆயிலும் நிரப்பியாகிவிட்டது. அவன் வரவில்லை... போன் பண்ண அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஸ்கேனரைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் பழையது அழிந்துவிடும், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மனசு வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள்.

“அக்கா... உங்க தம்பிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. நானும் துடுக்காப் பேசிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா மூணு நாளா அந்தக் கண்ணு என்னைத் தூங்க விடல. என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க...”

அவள் நிமிர்ந்தபோது உள்கண்ணாடி மெல்லத் தாழ்ந்தது. எஞ்சின் அணைந்துதான் கிடந்தது... காற்றுகூட இல்லை. தாழ்ந்த கண்ணாடிக்குள், ஷெட் வாசலில் நனைந்தபடி நின்ற அவனுடைய கண்கள்!

“அக்கா என்ன சொல்றா?” என்றான்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. “எப்போ வந்தீங்க?”

“பிடிவாதம்னீங்களே... அப்பவே. அந்த லாரிக்காரன் பேச்சு என்னையும்தான் தூங்க விடல, அழிச்சிடலாம்.”

கடைசியாக ஒரு தடவை அக்காவின் காலோடு அவனே வளைவு வரை ஓட்டினான். வண்டி வழுக்காமல் ஏறியது. “அக்கா இங்க நிக்கல...” என்றான். ஓரமாக நிறுத்தி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஸ்கேனரைச் செருகி அவனிடம் நீட்டினாள். “நீங்களே அழுத்துங்க.”

அவன் அதை வாங்கிக்கொண்டான். “போயிட்டு வா அக்கா,” என்று சொல்லி அழுத்தினான்.

அவள் ஸ்கேனரைக் கழற்றினாள். “இனிமே கொஞ்ச நேரம் நிதானமா ஓட்டணும். யார் ஓட்டுறாங்களோ, அவங்க கால அது பழகிக்கும்.”

அவன் இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கக் கதவைத் திறந்து சாவியை நீட்டினான். “நீங்க ஓட்டுங்க.”

“உங்க வண்டி சார்! என் கால் பழக்கத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

“எட்டு மாசமா போனவளோட ஓட்டினேன். இனிமே இருக்கிறவங்களோட ஓட்டணும்போல இருக்கு...” அவன் கண்கள் அவளை விட்டு விலகவில்லை. “உங்களப் பிடிச்சிருக்கு. எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும்.”

“எனக்கும்தான். நான்தான் அக்காகிட்ட முதல்லயே சொல்லிட்டேனே...”

ஓட்டும் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்கு ஏற்றினாள். புதிதாய் நடை பழகும் வண்டி முதல் கியரில் தடுமாறி, இரண்டாவதுக்கு மாறியது. மேடு முடியும் வரை இருவரும் ஓரக்கண்ணால் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அது அசையவே இல்லை.