பின் முகத்தில் நிற்பவள்

ஜேர்மனியின் காசல் நகரத்து அரங்கில் ஒத்திகை நடந்த பிற்பகலில்தான் அந்த அடி முதன்முதலாக விழுந்தது. விழக் கூடாத இடத்தில் விழுந்தது.

தைக்கோ முரசு பழகுகிற ஜப்பானியர்கள் தாளத்தை முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பார்கள். ஓங்கி அடித்தால் ‘தொன்’. அடுத்தடுத்து இரண்டு அடி என்றால் ‘தொகோ’. அடிக்காமல் விட்டுவிடுகிற இடத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘சு’. கொலோன் தமிழ்ப் பள்ளியில் மிருதங்கம் படிக்கப் போய்ப் பாதியில் ஓடிவந்த மிதுஷாவுக்கு இந்தச் ‘சு’வின் மேல் தனிப் பிரியம். சும்மா இருப்பதற்கும் பெயர் வைத்து, அதையும் பிசகாமல் செய்யச் சொல்கிற ஆட்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தச் ‘சு’வுக்குள்தான் அடி விழுந்தது. பருத்த கோலால் அடித்த அடியாக அது இல்லை. யாரோ விரல் கணுவால் கதவைத் தட்டியது போல மெல்ல விழுந்து, தோலுக்குள் அடங்கிப்போனது.

சுற்றுப்பயணம் வந்திருந்த ஜப்பானியக் குழுவின் பெரிய முரசு ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. உயரமான மரத்தாங்கியில் படுக்க வைத்திருப்பார்கள். அதற்கு இரண்டு முகம். முன் முகத்தில் ரெய்கோ சபைக்கு முதுகைக் காட்டி நின்று அடிப்பாள். அவளுடைய தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே ஜேர்மன்காரர்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். பின் முகத்தில் மிதுஷா. விடாமல் அடிப்படைத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அவளையே மறைத்துவிடுகிற முரசு அது. பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்பதே சபைக்குத் தெரியாது. ரெய்கோவை அவளும் பார்க்க முடியாது. இரண்டு தோல்களுக்கு நடுவே அதிர்கிற இருட்டின் வழியாகத்தான் ஒருத்தியை ஒருத்தி அறிய வேண்டும்.

ரெய்கோவின் கை தவறிவிட்டது என்றுதான் மிதுஷா நினைத்தாள். இடைவேளையில் ரெய்கோ முரசைச் சுற்றிக்கொண்டு வந்து, தெரிந்த கொஞ்ச ஜேர்மனில், “நீ ‘சு’வில் அடிக்கிறாய்” என்றாள்.

“நானா? நீதான் என்று நினைத்தேன்.”

ரெய்கோ சிரிக்கவில்லை. மிதுஷாவின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்று குறைந்தது. எல்லோர் கையிலும் பெட்டி இருந்தது, மிதுஷாவின் கையில் மட்டும் இல்லை. மதீசன் தன்னுடையதைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடு. உவங்களுக்கு எண்ணத் தெரியாது.”

“அடிக்கேக்க மட்டும் நல்லா எண்ணுவினம் அண்ணை.”

இப்படிப் பகிடி விடுவதற்கு அந்தக் கூட்டத்தில் மதீசன் ஒருவர்தான் இருந்தார். குழு ஐரோப்பாவுக்கு வரும்போதெல்லாம் முரசுகளை லொறியில் ஏற்றி இறக்கி, கயிறு இறுக்கி, தோல் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவர். தலைவர் ஓகாவாவோடு ஜப்பானிய மொழியிலேயே கதைப்பார். ஊரில் மிதுஷாவின் தாய்க்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பின் முகத்தில் நின்ற அகானே என்ற பெண் நடுவில் வீட்டுக்குப் போய்விட்டாள், உடனே ஓர் ஆள் வேண்டும் என்று அந்தக் கோடையில் வந்து சொன்னவரும் அவர்தான். டியூசல்டோர்ஃபில் ஜப்பானியர்களின் வகுப்பில் தைக்கோ படித்துக்கொண்டிருந்த மிதுஷா, பல் வைத்தியரிடம் செய்துவந்த அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியை முடிக்காமலே விட்டுவிட்டுக் கிளம்பினாள். அப்பா பரராசசிங்கம் அன்றோடு அவளுடன் பேச்சை நிறுத்தினார். அம்மா யோகம் மட்டும், “நான் பாத்துக்கொள்ளுவன் அன்ரி” என்று மதீசன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அனுப்பிவைத்தாள்.

சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி கொலோனில். அப்பா வருவதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். மிதுஷாவுக்கு அந்த ஒரு நாள் போதும். தான் எதற்காக எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தாள் என்பதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பின் முகத்தில் நின்றால் அவர் எதைப் பார்ப்பார்? அந்தக் கவலையையும் மதீசன்தான் தீர்த்துவைத்தார்.

“ஓகாவாவோட கதைச்சுப் போட்டன். கொலோனில உன்னை முன்னுக்கு விடுவினம். பயப்பிடாதை, தங்கச்சி.”

அன்றைக்கே அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“முகம் தெரியுமோ பிள்ளை?”

“முதுகுதான் அம்மா தெரியும்.”

“சரி, உன்ர முதுகையெண்டாலும் பாப்பம்.” யோகம் சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “நீ போனதுக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் கதவைத் தட்டுறேல்லை. எல்லாரும் மணிதான் அடிக்கினம்.”

சின்ன வயதிலிருந்தே அழைப்பு மணி மிதுஷாவுக்கு ஆகாது. வீட்டுக் கதவை விரல் கணுவால் தட்டுவாள்: சடக்கென்று இரண்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. தைக்கோ படித்த பிறகுதான் தன் தட்டலுக்கும் சொல் இருப்பது தெரிந்தது. தொகோ, சு, தொன்.

லைப்சிக்கில் பேருந்து அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு கத்தியும் ஓட்டுநர் திரும்பவில்லை. பின்னால் லொறியில் வந்த மதீசன்தான் அவளை ஏற்றிக்கொண்டார். டிரெஸ்டனில் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று குனிந்தபோது, ஓகாவா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிதுஷா அரை அடி முன்னால் வைத்த காலை மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அவள் பெயர் வரவில்லை. மனிதர் களைத்துப்போயிருக்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அவளுக்கும் களைப்புத்தான். அன்று மாலை ‘சு’வுக்குள் அந்தத் தட்டல் ஒன்றல்ல, மூன்று முறை வந்திருந்தது, மூன்று முறையும் அது பின் முகத்துக்கு மிகப் பக்கத்தில், அவளுடைய வயிற்றுக்கு நேரே கேட்டிருந்தது.

மறுநாள் காலை முரசைப் பெட்டிக்குள் ஏற்ற உதவிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் குனிந்ததும் மாட்டுத் தோலும் வைக்கோலும் பழைய வியர்வையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. அடியில் போட்டிருந்த கம்பளி மடிப்புக்குள் கையில் ஏதோ தட்டுப்பட்டது. பெருவிரல் தனியே பிரிந்த கறுத்த துணிச் சப்பாத்து, ஒரு சோடி. மேடையில் எல்லோரும் போடுவது. உள்ளே அகானேயின் பெயர் தைத்திருந்தது. அருகே அவளுடைய கோல்கள் இரண்டு. தன் கோலை எந்தத் தைக்கோக்காரியும் விட்டுவிட்டுப் போவாளா?

“மறந்துபோட்டா” என்றார் மதீசன்.

“சப்பாத்தையுமோ? அப்ப வெறுங்காலோடயோ வீட்டை போனவ?”

அவர் கம்பளியை இழுத்து எல்லாவற்றையும் மூடினார். குனிந்திருந்த அவருடைய பிடரியில், அந்தக் குளிரிலும், வியர்த்திருந்தது.

கொலோனுக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நாலரைக்கே இருட்டிவிடுகிற கார்த்திகை மாதம். மிதுஷா முன் முகத்தில் நிற்பதற்கான நீல உடையைக் கேட்டு உடை அறைக்குப் போனாள். ரெய்கோ அதை உடுத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெய்கோ, இன்றைக்கு நான் அல்லவா?”

ரெய்கோவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சைப் போட்டு முடித்தாள். கண்ணாடியில் ரெய்கோ இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

மிதுஷா அங்கே நிற்கவில்லை. மேடைக்கு ஓடினாள். ஓகாவாவின் முன்னால் போய் நின்று, தெரிந்த ஜப்பானிய மொழியிலும் தெரியாத ஜப்பானிய மொழியிலும் கேட்டாள். அவர் தூரத்தில் கேட்கிற எதையோ கவனிப்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு முரசைப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார். அவளைப் பார்த்தல்ல.

முரசின் பின்னால் மதீசன் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டார்.

“அண்ணை, என்னை முன்னுக்கு விடுவினமெண்டு சொன்னனீங்கள்.”

“இண்டைக்குப் பின்னால நில்லு.”

“ஓகாவாவோட கதைச்சனீங்களோ இல்லையோ?”

மதீசன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“அகானே எங்க, அண்ணை?”

கயிற்றின் முறுக்கு கிறீச்சென்றது. “இந்த முரசுக்குப் பின்னுக்கு ஒரு ஆள் வேணும், பிள்ளை. எப்பவும் வேணும். அகானேக்குப் பிறகு ஆளில்லை. நீ வந்திராட்டில்... நான்தான் நிண்டிருக்க வேணும்.”

கோபத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது வெட்கம். இவர் நீட்டிய சாப்பாட்டை இவ்வளவு நாளும் நன்றியோடு தின்றிருக்கிறாள். இவரைத்தான் அம்மா தம்பி தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

“உங்களை நம்பித்தானே அம்மா விட்டவ.”

“ஓம்” என்றார் மதீசன்.

வெளியே போய்விட வேண்டும். கோல்களை எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வரவேற்புக் கூடத்துக்கு ஓடினாள். நனைந்த மேலங்கிகளின் வாடை. காப்பி. நூறு வாய்களின் சலசலப்பு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அம்மா. அரக்குச் சேலைக்கு மேலே தடித்த குளிர்கோட்டும் தலையில் கம்பளித் தொப்பியுமாக. பக்கத்தில் அப்பா. கையில் பூங்கொத்து. பேசாமல் இருந்த அப்பா, பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“அம்மா.”

யோகம் அவளுக்கு ஊடாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “தொடங்க முந்தி ஒருக்கா வந்து முகத்தைக் காட்டியிருக்கலாம்.”

“வேலையா நிப்பாள். விடு” என்றார் பரராசசிங்கம்.

“அப்பா! இஞ்ச நிக்கிறன், அப்பா!” அவருடைய கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை உதறித் தேய்த்துக்கொண்டார்.

“என்ன குளிர். ஆரோ கதவைத் திறந்து விட்டிருக்கிறாங்கள்.”

பூ நசுங்காமல் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். மணி அடித்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

மிதுஷா திரும்பி மேடைக்குப் போனாள். வேறு எங்கே போவது? கண்ணுக்குத்தான் தெரியவில்லை. காதுக்குக் கேட்கும். அம்மாவுக்குக் கேட்கும்.

விளக்குகள் அணைந்தன. ரெய்கோவின் முதல் அடி முரசுக்குள்ளால் வந்து அவள் நெஞ்சில் மோதியது. அவள் தாளத்தைப் பிடித்தாள். தொன், தொன், தொகோ, தொன். கைகளில் கோல்கள் இருந்தன. எப்போது எடுத்தாள்? அவளுடையவை அல்ல. அகானேயின் கோல்கள். காலிலும் அகானேயின் கறுத்த சப்பாத்து. அடித்தாள். தோளைப் பிய்த்தெடுத்தாற்போல் வலித்தது. அடித்தாள்.

கடைசியில் பதினாறு முரசும் ஒரே நேரத்தில் நிற்கிற இடம் வந்தது. நீளமான ‘சு’. ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

கோல்களைப் போட்டாள். விரலை மடக்கினாள்.

தொகோ. சு. தொன்.

மறுபடி.

தொகோ. சு. தொன்.

இருட்டுச் சபையில் ஓர் இருக்கை படாரென்று மடிந்தது. யாரோ எழுந்துவிட்டார்கள். “பிள்ளை?” என்றது அம்மாவின் குரல். அதன் மேல் கைதட்டல் கொட்டியது.

நிகழ்ச்சி முடிந்ததும் யோகம் மேடைக்குப் பின்னால் வந்தாள். கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பின் முகத்தின் அருகே, கை எட்டுகிற தூரத்தில் வந்து நின்றாள். மிதுஷாவால் தோலைவிட்டு நகர முடியவில்லை. கை ஒட்டியிருந்தது. நெற்றி ஒட்டியிருந்தது. வாய் ஒட்டியிருந்தது.

“தம்பி, எங்க அவள்? கதவு தட்டினமாதிரிக் கேட்டுது. அவள்தான். எனக்குத் தெரியும்.”

மதீசன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவ வீட்டை போயிட்டா, அன்ரி.”

“வீட்டையோ? எங்கட வீட்டையோ?”

“ஓம்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை மிதுஷா பார்த்தாள். பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயோ, கதவு பூட்டிக் கிடக்கு. அவளிட்டத் திறப்பும் இல்லை. உந்தக் குளிருக்குள்ள வாசலில நிண்டு தட்டிக்கொண்டு நிப்பாள். இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோ!”

அப்பா ஓடினார். அறுபது வயதில், பூங்கொத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கும் முன்னால் ஓடினார்.

மதீசன் முரசின் உறையை விரித்தார். “பயப்பிடாதை, தங்கச்சி” என்றார் வழக்கம்போல. உறை விழுந்தது. கயிறு இறுகியது. பெட்டியின் மூடி விழுந்தது. தாழ்ப்பாள்.

இருட்டு. தோலின் வாடை. தோல் இப்போது முன்னால் மட்டும் இல்லை. பக்கத்திலும் இருந்தது. முதுகிலும்.

விரலை மடக்கித் தட்டினாள். தொகோ.

அவள் விட்ட ‘சு’வுக்குள், காதோரத்தில், இன்னொருத்தி தட்டினாள். காசலில் கேட்ட அதே தட்டல். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால் இன்னும் பலர், இருட்டின் ஆழம்வரைக்கும், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக, தன் தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.