நாடி எழுபத்திரண்டு

அந்தப் பழைய வார்டுக்குள் நான் நுழைந்தபோது காலை பத்து மணி. செய்முறைத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். இந்தத் தடவையும் போனால் டாக்டர் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அரை மணி நேரத்தில் நோயாளியிடம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, எழுதி முடிக்க வேண்டும்.

கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். தேர்வுக்காகத்தான் என்று நினைத்தேன். உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மோவாய்வரை போர்வையோடு அரைக்கண் மூடிப் படுத்திருந்தார். மருந்து நெடிக்குக் கீழே ஈரமண் வாசனை அடித்தது.

"என்ன தொந்தரவுங்க?"

"கையைப் பிடிச்சுப் பாரும்மா." உதடு அசைந்ததாகவே தெரியவில்லை.

"பாக்கறேன். முதல்ல என்ன வலின்னு சொல்லுங்க."

"ராத்திரி பூரா நெஞ்சு வலி. நாலு மணிக்கு நின்னுடுச்சு."

"இப்ப?"

"ஒண்ணுமே இல்ல. கையைப் பிடிச்சுப் பாரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் கேட்டாலும் அதே பல்லவி. என் தலையெழுத்து, எனக்கென்று வாய்க்கிற நோயாளியைப் பாருங்கள்! ஒவ்வொரு பதிலையும் பிடுங்கி வாங்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது. மூன்று நிமிடம்தான் பாக்கி. அவசரத்தில் எல்லா மாணவர்களும் எழுதுவதையே நானும் எழுதினேன்: நாடி எழுபத்திரண்டு, சீரானது.

தொடவே இல்லை.

பரீட்சகர் வந்தார். மதிப்பெண்ணை வெட்டுவதால் அவருக்கு 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். என் தாளைப் பார்த்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து நோயாளியின் கையை எடுத்தார்.

வெகுநேரம் விடவில்லை.

"எழுபத்திரண்டா?"

நர்ஸ் திரையை விலக்கிப் பதறினாள். "ஐயையோ சார், இவர் காலைல நாலு மணிக்கே போயிட்டாரு! உங்க கேஸ் பக்கத்துக் கட்டில்!"

"பேசினாரு சார்... சத்தியமா பேசினாரு!"

"செத்தவருக்கே நாடி எழுதினவளுக்கு, கதை சொல்றதா கஷ்டம்?" என்றபடி கத்தரிக்கோல் என் தாளின் குறுக்கே கோடு இழுத்தார்.

வீட்டில் அழுது புரண்டு, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்து அதே வார்டு. இந்த முறை நோயாளி ஒரு அம்மா. கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். சரியாக எழுபத்திரண்டு! அப்பாடா என்று பேனாவை எடுத்தேன்.

என் இடது மணிக்கட்டில் மூன்று விரல்கள் பதிந்தன.

ஜில்லென்று.

பக்கத்தில் யாரும் இல்லை. ஈரமண் வாசனை வந்தது.

"உனக்கு எழுபத்திரண்டு இல்லம்மா," என்றது காதோரம் அந்தக் குரல். "கொஞ்சம் கொஞ்சமா நின்னுக்கிட்டே வருது."