பாவ்லோவுக்குப் பசிக்கிறது

"மாசக் கடைசி சனிக்கிழமை, வீட்ல வளர்க்கிற செல்லப்பிராணிய ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வரலாம்" என்று ஆஞ்சலா மிஸ் சொன்னதுதான் தாமதம், ஐந்தாம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது.

"மிஸ், எங்க நாய்க்குட்டி ஆட்டோல ஏறினா வாந்தி எடுக்கும், பரவாயில்லையா?" என்றான் ராகேஷ்.

"எங்க கிளி கெட்ட வார்த்த பேசும் மிஸ்" என்றாள் மகா.

"கிளிய மட்டும் போட்டோவுல காட்டு" என்றார் மிஸ்.

வீணா மெதுவாகக் கையைத் தூக்கினாள். "செல்லம் இல்லாதவங்க மிஸ்?"

"அவங்க முன்னாடி பெஞ்சில உக்காந்து பார்க்கலாம்."

போன வருடமும் வீணா அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பிடாதே, இலையை மட்டும் எண்ணு என்று சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. இந்த வருடம் அந்தப் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பக்கத்து வரிசையிலிருந்து முகேஷ் குனிந்தான். அவன் வீட்டில் ராக்கெட் என்று ஒரு தங்கமீன் இருந்தது. "ஏ வீணா, உங்க வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கம்தானே? கொசு நிறைய இருக்கும். ஒண்ணப் புடிச்சு நூல்ல கட்டிக் கொண்டா."

வீணா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். கொசுவை நூலில் எப்படிக் கட்டுவது என்று ஒரு நிமிடம் யோசித்தாள் என்பது மட்டும் உண்மை.

வீணாவின் வீட்டில் செல்லப்பிராணிக்கு வழியே இல்லை. அது வாடகை வீடு. வீட்டு ஓனர் தேசிகன் அங்கிள் மாடியில் இருந்தார். அவர் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "நாய் வேண்டாம். பூனை பேடா. கோழி வேண்டவே வேண்டாம், பேடவே பேடா."

அன்று மாலை வீணா மூலையில் சுருண்டு ஒரு கதைப் புத்தகத்தைத் திறந்தாள். அது எங்கேயோ பனி பெய்கிற ஒரு நாட்டின் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. அதில் ஒரு பெண் வண்டியில் வெகுதூரம் போகிறாள். ஒரு சின்னப் பையில் கொஞ்சம் இனிப்பு ரொட்டி மாவை வைத்து, குளிரில் செத்துவிடாமல் இருக்கக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள். தான் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்கு ஊட்டுகிறாள். 'அது உயிருள்ளது. பசித்தால் சுருங்கும். ஊட்டினால் வளரும்' என்று இருந்தது.

வீணா அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, மைதா இருக்கா?"

தையல் மிஷினிலிருந்து அம்மா காந்தா தலையைத் தூக்கினாள். "எதுக்கு?"

"வளர்க்கறதுக்கு."

அம்மாவுக்கு இது புதிதல்ல. போன மாதம்தான் வீணா கட்டிலைக் கப்பலாக்கிப் போர்வையைக் கிழித்திருந்தாள். "கொஞ்சமா எடு" என்று மட்டும் சொன்னாள்.

மைதா, சர்க்கரை, தண்ணீர், நாலு திராட்சை. அகலவாய் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி, மேலே துணி கட்டி வைத்தாள். திராட்சை போட வேண்டும் என்று புத்தகத்தில்தான் இருந்தது. ஏன் என்று இல்லை.

ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. பாட்டிலுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை.

அம்மா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது சினிமா போஸ்டர் ஒட்டற பசைடி."

வீணாவின் முகம் வாடியது. அம்மா அன்று தோசைக்கு அரைத்த மாவைக் கையை விட்டுக் கலந்துகொண்டிருந்தாள். வீணா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, தோசை மாவு மட்டும் எப்படிப் பொங்குது? நீங்க அதுல எதுவும் போடறதில்லையே."

"அது தானா புளிக்கும். உளுந்துலயே இருக்கு புளிப்பு. கையிலயும் இருக்கும்பாங்க."

உளுந்திலேயே இருக்கிறது என்றால், திராட்சையில்? வண்டிக்காரர் விற்கிற கருநீலத் திராட்சையின் மேல் வெள்ளையாகப் பவுடர் பூசின மாதிரி ஒன்று இருக்குமே. அது எங்கே போயிற்று?

"அம்மா, அன்னிக்கு நான் போட்ட திராட்சய நீங்க கழுவினீங்களா?"

"கழுவாம? உப்புத் தண்ணி, மஞ்சத் தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி. மூணுலயும் கழுவினேன்" என்றாள் அம்மா பெருமையாக.

"அதான் குளிப்பாட்டியே கொன்னுட்டீங்க."

மறுநாள் வீணா தானே போய்த் திராட்சை வாங்கி வந்தாள். கழுவாத பழம் பாட்டிலுக்குள் போவதைப் பார்க்க முடியாமல் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த முறை பாட்டிலை எடுத்துப்போய் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். டிசம்பர் மாதப் பெங்களூரில், அவர்கள் வீட்டிலேயே சூடாக இருந்த இடம் அதுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு குமிழி வந்தது. குண்டூசித் தலை அளவுதான். அதன் பக்கத்தில் இன்னொன்று. பாட்டிலில் காதை வைத்தால், யாரோ ரொம்ப தூரத்தில் சோடா உடைக்கிற மாதிரி 'புஸ்' என்றது.

"மூச்சு விடறான்" என்றாள் வீணா.

அந்தக் கதைப் புத்தகத்தில் வந்த பாவ்லோ என்ற பெயரையே அவனுக்கு வைத்தாள். திராட்சையை எடுத்துவிட்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி மைதா, ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் பால் ஊட்டினாள். மாலைக்குள் அவன் இரண்டு மடங்காக வளர்ந்துவிடுவான். அதிகமானதை எடுத்து அம்மா பணியாரம் சுட்டாள். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று தின்றாள். அப்புறம் சுளிக்காமல் நாலு தின்றாள்.

ஒருநாள் வீணா பாட்டிலை வெயிலில் காட்ட வாசலுக்குக் கொண்டு வந்தபோது, மாடிப்படியில் தேசிகன் அங்கிள் நின்றார்.

"ஏனிது? என்ன இது?"

வீணாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "என் செல்லம் அங்கிள். பேரு பாவ்லோ."

"உயிர் இருக்கா?"

"இருக்கு."

"குலைக்குமா?"

"குலைக்காது."

"சுவத்தைப் பிராண்டுமா?"

"பிராண்டாது அங்கிள். சில நேரம் பொங்கும்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பாட்டிலை உற்றுப் பார்த்தார். "பாலுந்தான் பொங்கறது. பொங்கினா தொடச்சுடு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

வீணாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை காலை வரைதான் நீடித்தது. அன்று விடுமுறை. வீணா எழுந்து வந்தபோது வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் பாட்டில் இல்லை. சமையலறையில் அப்பா முனியப்பன் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குகிறவர், பாவ்லோவின் பேரைத்தான் கேட்டிருந்தார், பாட்டிலைப் பார்த்ததில்லை. முதல் மெட்ரோவைப் பிடித்து, பசியோடு வந்திருந்தார்.

"அம்மா தூங்கிட்டிருந்தா. எழுப்ப வேணாம்னு நானே ரெண்டு தோசை ஊத்திக்கிட்டேன்" என்றார். "ஏம்மா, மாவுல யாராவது சக்கரையக் கொட்டிட்டீங்களா? வெங்காயம், பச்சமிளகா எல்லாம் போட்டும் இனிக்குது. ஆனா என்னா மெத்துனு வந்துச்சு தெரியுமா?"

வீணா கழுவும் தொட்டியைப் பார்த்தாள். அதற்குள் காலி ஊறுகாய் பாட்டில் கிடந்தது.

"அப்பா," என்றாள், "நீங்க பாவ்லோவச் சாப்பிட்டுட்டீங்க."

அப்பாவின் கையில் இருந்த கடைசி வாய் அப்படியே நின்றது. அதைத் தின்பதா, திருப்பி வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கடைக்குப் போய் வேற மாவு வாங்கித் தரட்டா கண்ணு?"

வீணா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விடிந்தால் சனிக்கிழமை. திராட்சை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தால் குமிழி வரவே இரண்டு நாள் ஆகும். அவள் கண்ணில் அந்த முன் பெஞ்சு தெரிந்தது.

அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்பா பாட்டிலில் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. அந்தப் படலத்தில், உற்றுப் பார்த்தால், பொடிப்பொடியாகக் குமிழிகள்.

வீணா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் ஓரமெல்லாம் வழித்துக் கரைத்தாள். மைதாவும் சர்க்கரையும் கொஞ்சமாகப் போட்டாள். பாட்டிலைத் துண்டில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். அப்படியே சாப்பிட்டாள். அப்படியே வீட்டுப்பாடம் எழுதினாள்.

"கங்காரு மாதிரி இருக்கே" என்றாள் அம்மா.

அப்பா தூங்கப் போகவில்லை. ஓயாமல் வந்து, "மூச்சு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வீணா பாட்டிலைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அப்பாவின் காதில் வைத்தாள்.

புஸ்.

"வந்துட்டான்" என்றார் அப்பா. அப்புறம்தான் கொட்டாவி விட்டார்.

சனிக்கிழமை காலை பாவ்லோ பாட்டிலில் பாதி வரை ஏறி நின்றான். வீணா நன்றாக ஊட்டினாள். அப்பாவின் தலைச்சாயப் பாக்கெட்டோடு வந்த மெல்லிய கையுறை ஒன்றை எடுத்து, பாட்டிலின் வாயில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். கையுறை துவண்டு தொங்கியது. அது அவள் போட்ட திட்டம். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி மைதானம் அன்று அமளிப்பட்டது. ராகேஷின் நாய்க்குட்டி வாந்தி எடுத்து முடித்து உற்சாகமாக இருந்தது. ஒரு முயல் மிஸ்ஸின் துப்பட்டாவைத் தின்று பார்த்தது. மகா கிளியின் போட்டோவோடு வந்திருந்தாள்.

முன் பெஞ்சில் ஒரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அது முகேஷ். அவன் கண் சிவந்திருந்தது.

"ராக்கெட் எங்கடா?" என்றாள் வீணா.

"நேத்து செத்துப்போச்சு." அவன் தன் ஷூவைப் பார்த்தபடியே சொன்னான். "சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோ."

வீணா சிரிக்கவில்லை. அதற்குள் மிஸ் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீணா பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"மிஸ், இது ஏமாத்து வேலை. அது தோசை மாவு" என்றான் ராகேஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது பாவ்லோ. மைதா, சர்க்கரை, பால் சாப்பிடுவான். மூச்சு விடுவான். நம்பலைன்னா கையப் பாருங்க" என்றாள் வீணா.

கையுறை துவண்டு தொங்கவில்லை. அதன் சுண்டு விரல் நிமிர்ந்திருந்தது. பெருவிரல் உப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக, தூங்கி எழுகிற குழந்தை மாதிரி, அது நிமிர்ந்துகொண்டே வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள்.

"அய்யோ, வணக்கம் சொல்லுது" என்றாள் மகா.

வீணா இந்த நிமிடத்தைக் கனவில்கூடக் கண்டிருந்தாள். ஆனால் எல்லோர் தலைகளுக்கும் நடுவில், பெஞ்சை விட்டு எழாத ஒரே ஆள் அவள் கண்ணில் பட்டான். இலையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கையுறையைக் கழற்றினால் அந்தக் கை சுருண்டுவிடும். பின்வரிசைக்காரர்கள் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வீணா ரப்பர் பேண்டைக் கழற்றினாள். கை 'புஸ்' என்று படுத்துவிட்டது.

"ஏய், ஏன்டி?" என்று கூச்சல்.

"முகேஷ், உன் டிபன் பாக்ஸ் மூடியக் கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டாடா."

அவன் மூடியை நீட்டினான். வீணா கரண்டியால் பாதி மாவை அதில் ஊற்றினாள். அது இழுத்து இழுத்து, குமிழி விட்டபடி விழுந்தது.

"வேணாம். உன்னோடது பாதி ஆயிடும்" என்றான் முகேஷ்.

"ஆவாது. பாதி பாவ்லோன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மாவு போட்டா நாளைக்கு நீயும் முழுசா வெச்சிருப்ப, நானும் முழுசா வெச்சிருப்பேன். போ, இப்ப உன் முறை."

முகேஷ் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"இது என் செல்லம். இதுக்கு வயசு... அரை நிமிஷம் ஆவுது. பேரு வைக்க டைம் கிடைக்கல. பசியா இருக்குதுன்னு நினைக்கிறேன். யார்கிட்டயாவது பிஸ்கட் இருக்கா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முகேஷும் சிரித்தான்.

"பிஸ்கட் எல்லாம் தின்னாது. மைதாதான்" என்றாள் வீணா.

"இத வளர்த்து என்னம்மா செய்யலாம்?" என்று கேட்டார் மிஸ்.

"பணியாரம் சுடலாம் மிஸ். பன்கூடச் சுடலாம்."

"சீ, செல்லத்தையே திம்பியா?" என்றாள் மகா.

"வளர்ந்தத மட்டுந்தான். முடி வெட்டிக்கற மாதிரி. எல்லாத்தையும் சுட்டுடக் கூடாது, எங்கப்பா மாதிரி."

ராகேஷ் நாய்க்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தான். "வீணா, எனக்கும் ஒரு ஸ்பூன் ஊத்தேன்."

"உனக்குத்தான் நாய் இருக்கே."

"அதுக்குத் தம்பி இல்லையே."

அப்புறம் வரிசை நின்றது. டிபன் மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, கம்பாஸ் பெட்டி எல்லாம் நீண்டன. கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நீண்டது. அது ஆஞ்சலா மிஸ்ஸுடையது.

பள்ளி விட்டபோது அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்றிருந்தார். மைதானத்தைத் தாண்டி ஐந்தாம் வகுப்பு மொத்தமும், தளும்பிவிடும் என்று பயந்து, எறும்பு ஊர்கிற மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தது.

"எப்படி ஆச்சு கண்ணு? எல்லாரும் கை தட்டினாங்களா?"

"ஒருத்தர்கூடத் தட்டலப்பா."

அப்பாவின் முகம் விழுந்தது.

"எப்படித் தட்டுவாங்க?" என்றாள் வீணா. "எல்லார் கையிலயும் பாவ்லோ இருந்தானே."